நேரான பர்ஸில் வளைந்த அட்டை

பர்ஸ் தட்டையாக இருந்தது. அதற்குள் இருந்த அட்டைதான் வளைந்திருந்தது.

ராய்ஸ்டன் அட்டையை மேசைமேல் வைத்துக் குனிந்து பார்த்தான். இரு ஓரங்களும் மேசையைத் தொட்டன. நடு மட்டும் மெல்லத் தூக்கி நின்றது. விரலால் அழுத்தினான், படிந்தது. விரலை எடுத்தான், எழுந்தது. இன்னொரு முறை அழுத்தினான். எதையும் ஒரே தடவையில் நம்புகிறவன் அல்ல அவன், குறிப்பாகத் தன்னை.

“விட்டுடுங்க பாஸ், அதுக்கு மூச்சு முட்டப் போகுது,” என்றாள் சசிரேகா, அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த பார்பராவுக்குக் கேட்காத குரலில்.

கேமரன் மலையின் பிரிஞ்சாங் டவுனில் ஜப்பாரின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தான் ராய்ஸ்டன். அதற்கு முன் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக்கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. சசிரேகா அவனுக்கு உதவியாளர், காரோட்டி, கேட்காமலே கருத்துச் சொல்கிறவள். இன்று இருவரும் உட்கார்ந்திருந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீட்டில்.

இறந்தவன் பெயர் எல்வின். பார்பராவின் ஒரே மகன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஓய்வு நேரம் முழுவதையும் ஒரே ஒரு பொருளில் செலவழித்தான்: பர்ஸுக்குள் அடங்கும் டார்ச் விளக்கு. இரண்டு வங்கி அட்டைகளை ஒட்டிவைத்த கனம்தான் இருக்க வேண்டும் என்பது அவன் போட்டுக்கொண்ட கணக்கு. டார்ச்சை மனிதர்கள் வீட்டில் மறந்துவிடுகிறார்கள், கைப்பேசி வேண்டிய நேரத்தில் செத்துவிடுகிறது, பர்ஸை மட்டும் எவனும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பான்.

ஒரு நாள் வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில், மூடுபனிக்குள் தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கினான். மண் சரிந்திருந்த வளைவில் பள்ளத்துக்குள் விழுந்தான். மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போனவர்கள் பார்த்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓராண்டு நினைவு ஜெபம்.

விழுந்தான் என்று போலீஸ் எழுதியது. விழுந்தான் என்று லயம் நம்பவில்லை. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். கைவசம் இருந்த விளக்கை எடுக்கக்கூட இல்லை, அது பர்ஸுக்குள்ளேயே இருந்தது. போதாததற்குக் கோலாலம்பூரில் நடந்த போட்டி ஒன்றில் அவன் விளக்கு தோற்றுப்போயிருந்தது. மூன்றையும் கூட்டி லயம் ஒரு விடையைக் கண்டுபிடித்தது. அந்த விடையை முதலில் நம்பியவர் எல்வினின் அப்பா சிரில்.

பார்பரா தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பர்ஸை மட்டும் பார்க்கவில்லை. போலீஸ் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்ததை இன்றுதான், அதுவும் ராய்ஸ்டனின் கையால்தான், திறக்க விட்டிருந்தார்.

“இந்த அட்டைய முன்னால பாத்திருக்கீங்களா ஆன்ட்டி?”

“இல்ல தம்பி. முடிச்சிட்டுத்தான் காட்டுவேன்னு சொல்லிட்டான். செய்யறப்ப பாத்தா குறை சொல்லுவோமாம்.”

“போலீஸ் தொறந்தப்ப இது எங்க இருந்துச்சாம்?”

“பணம் வெக்கிற மடிப்புல. அப்படியே வெச்சு ஒட்டிட்டோம்னு சொன்னாங்க.”

ராய்ஸ்டன் பர்ஸைத் திருப்பினான். அட்டை வைக்கும் பகுதியில் ஒரு பை மட்டும் நூல் பிரித்து அகலமாக்கித் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. தன் விளக்குக்காக எல்வினே தைத்த இடம். அது காலியாக இருந்தது. அட்டை கிடைத்ததோ பண மடிப்பில், குறுக்கே திணித்த மாதிரி.

“அங்கிள் எங்க இருக்கார்?” சசிரேகா கேட்டாள்.

“கோலா தெர்லாவுல. லோரி ஓட்டறாரு, மொதலாளி தவுக்கேவோட லோரி கொட்டகையிலதான் படுக்கை. அடக்கம் முடிஞ்சதுலேர்ந்து இங்க தங்கறதில்ல. வருவாரு, அரிசி பருப்ப வெச்சிட்டுப் போயிடுவாரு.” பார்பரா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். “தானா உசுர விட்டுப் போனவனுக்கு நான் எதுக்கு ஜெபத்துல நிக்கணும்னு கேக்கறாரு. பெத்தவரு கேக்கற கேள்வியா இது? ஞாயித்துக்கிழம அவரு என் பக்கத்துல வந்து நிக்கணும் தம்பி. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்.”

“தேடிப் பாத்து, நெசமாவே அப்படித்தான்னு தெரிஞ்சா?”

“தாங்கிக்கிறேன். என்னவா இருந்தாலும் எனக்கு மறைக்காதீங்க. அது ஒண்ணு மட்டும் வாக்குக் குடுங்க.”

ராய்ஸ்டன் வாக்குக் கொடுத்தான்.

காரில் ஏறியதும் சசிரேகா கேட்டாள். “என்ன பாஸ், முகம் அட்டை மாதிரியே வளைஞ்சிருக்கு?”

“ஒரு யோசனை. தப்பாவும் இருக்கலாம்.”

“அத உங்க விசிட்டிங் கார்டுலயே அச்சடிச்சிடலாம் லா. ராய்ஸ்டன், துப்பறிவாளர், தப்பாவும் இருக்கலாம்.”

“புனிதன் கடைக்குப் போ.”

புனிதன் எல்வினோடு ஒன்றாகப் படித்தவன். பிரிஞ்சாங்கில் இரவுச் சந்தை போடும் திடலுக்கு எதிரே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். எல்வினின் அட்டைகளுக்கு மேலுறை செய்து கொடுத்தவன் அவன்தான். ராய்ஸ்டன் நீட்டியதைக் கையில் வாங்கியவன், சுவிட்ச் இருக்க வேண்டிய மூலையை அழுத்திப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டினான். முகம் மாறியது.

“இது எங்க கிடைச்சுச்சு?”

“எல்வின் பர்ஸ்ல.”

“இருக்காதே. இதுல கனமே இல்லயே. இது செத்த அட்டை.”

“ஒரு வருஷம் ஆச்சே, பாட்டரி தீந்திருக்கும்ல,” என்றாள் சசிரேகா.

“பாட்டரி தீந்தாலும் கனம் தீராது அக்கா. இதுக்குள்ள பாட்டரியே கிடையாது. வெறும் பிளாஸ்டிக்.” புனிதன் கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “எல்வின் ரெண்டு செஞ்சான். ஒண்ணு உயிருள்ளது. எரியும். இன்னொண்ணு இது. வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.”

“எரியாத விளக்கு எதுக்கு?”

“உக்கார்றதுக்கு.”

சசிரேகா ராய்ஸ்டனைப் பார்த்தாள். “எனக்குப் புரியல பாஸ். உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி முகத்த வெச்சிக்காதீங்க.”

“பர்ஸ பின்னால சொருகிக்கிட்டு ஆளுங்க அது மேல உக்காருவாங்கல்ல? அந்த அழுத்தத்துல அட்டை உடையுதா, வளையுதான்னு தெரியணும். பெரிய கம்பெனின்னா அதுக்குன்னு மெஷின் வெச்சிருப்பான். எல்வின் என்ன பண்ணான்னா, வெறும் அட்டைய ஒருத்தரு பர்ஸ்ல அவருக்கே தெரியாம வெச்சிட்டான். ‘எங்கிட்டயும் மெஷின் இருக்குடா, தினமும் மலை இறங்கி ஏறுது’ன்னு சொல்லிச் சிரிப்பான். யாருன்னு கேட்டேன், சொல்லல.”

ராய்ஸ்டன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு, “கைப்பேசிய வீட்ல விட்டுட்டுப் போனானே, அது ஏன்னு தெரியுமா?” என்றான்.

“தெரியும். போன் கையில இருக்கற வரைக்கும் இந்த விளக்க நம்பி நடக்க மாட்டேன்டா, ஏமாத்திடுவேன்னு சொன்னான். ஒரு நாளு போனே இல்லாம, பனியில, இத மட்டும் வெச்சிக்கிட்டு அந்தப் பாதையில இறங்கிப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்.”

“போட்டியில தோத்தது?”

“சிரிச்சான் அண்ணே. வெளிச்சம் பத்தலன்னு அவங்க சொன்னது நியாயம்தானேன்னு மறுநாளே வேற பல்பு தேட ஆரம்பிச்சிட்டான்.”

“இதெல்லாம் போலீஸ்ல சொன்னியா?”

புனிதன் தலையைக் குனிந்துகொண்டான். “அவங்க இதக் கேக்கல. மனசு கஷ்டப்படற மாதிரி ஏதாவது நடந்துச்சான்னு கேட்டாங்க. போட்டியில தோத்தான்னேன். வேற என்ன சொல்றதுன்னு அப்ப எனக்குத் தோணல.”

வெளியே வந்து காரில் ஏறினார்கள். சசிரேகா வண்டியைக் கிளப்பவில்லை.

“சொல்லுங்க பாஸ். தப்பா இருந்தாலும் பரவாயில்ல.”

“எல்வின் ஏணியில ஏறி இறங்கறவன். பர்ஸ சட்டைப் பையில வெச்சிருந்தான். அதனாலதான் பர்ஸ் தட்டையா இருக்கு. ஆனா இந்த அட்டை மாசக்கணக்கா வேற ஒருத்தரோட பர்ஸ்ல இருந்திருக்கு. அவரு முதுகுக்குக் கீழ—”

“முதுகுன்னு மரியாதையா சொன்னீங்க. பாராட்டறேன்.”

“நாள் பூரா உக்காந்தே வேலை செய்யற ஆளு. தினமும் மலை இறங்கி ஏறற ஆளு. அந்த வீட்ல அது யாரு சசி?”

சசிரேகா சாவியைத் திருப்பினாள்.

வழியில் கியா பார்மில் சுற்றுலாக் கூட்டத்தால் சாலை நெரிந்து கிடந்தது. ஸ்ட்ராபெரி வடிவத் தொப்பி போட்ட ஒரு குடும்பம் நடுச்சாலையில் நின்று படம் எடுத்தது. மற்ற நாளாக இருந்தால் சசிரேகா கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்லியிருப்பாள். இன்று பொறுமையாக ஓட்டினாள். மேகம் இறங்கி, மழை தூறத் தொடங்கியது.

கோலா தெர்லாவில் லோரிக் கொட்டகைக்கு முன்னால் சிரில் முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பெரிய தோள்கள், வெளுத்த தாடி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ராய்ஸ்டன் யார் என்று சொன்னதும் அவர் நிறுத்தவில்லை. அடுத்த கூடையைத் தூக்கினார்.

“அவ அனுப்புனாளா?”

“ஆமா அங்கிள்.”

“என்ன சொல்லி அனுப்புனா? ஞாயித்துக்கிழம வரச் சொல்லியா?”

“அதுக்கு முன்னால உங்க பர்ஸ ஒரு தடவ பாக்கணும்.”

“நான் என்ன போலீஸ் ரோட் பிளாக்லயா நிக்கறேன், பர்ஸ எடுத்துக் காட்ட?”

“பணத்தத் தொட மாட்டோம் அங்கிள்,” என்றாள் சசிரேகா. “உங்க லைசென்ஸ் மட்டும் போதும். படத்துல நீங்க சிரிச்சிருக்கீங்களான்னு பந்தயம்.”

சிரில் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்பக்கப் பையிலிருந்து பர்ஸை உருவினார். அது அவருடைய உடம்பின் வடிவத்துக்கே வளைந்து, வெற்றிலைச் சருகு மாதிரி இருந்தது. மழை அதையும் நனைத்திருந்தது. திறந்ததும் கண்ணாடித் தாளுக்குள் ஓட்டுநர் உரிமம் தெரிந்தது. படத்தில் அவர் சிரிக்கவில்லை.

“இதுக்குப் பின்னால என்ன வெச்சிருக்கீங்க?”

“பின்னால எதுக்குப் பாக்கப் போறேன்? போலீஸ் கேட்டா முன்னால காட்டுவேன், அவ்வளவுதான்.”

ராய்ஸ்டன் உரிமத்தை உருவினான். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை அட்டை வந்தது. முதல் அட்டையைப் போலவே வெறுமையாக, ஒரு எழுத்தும் இல்லாமல். ஆனால் இது கனத்தது. தப்பாக இருந்துவிட்டால் இந்த மனிதரிடம் எப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று ராய்ஸ்டன் யோசித்தான். மூலையில் தட்டுப்பட்ட சின்ன மேட்டை அழுத்தினான்.

எரிந்தது.

ஒரு வருடம் லோரி இருக்கையில் நசுங்கி, மலை இறங்கி ஏறி, எத்தனையோ மழையில் நனைந்த விளக்கு எரிந்தது. மேகம் மூடிய பகலில், முட்டைக்கோஸ் கூடையின் ஈரத்தின்மேல் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. எல்வினின் கணக்கில் பிழையே இல்லை.

சிரில் அந்த வட்டத்தைப் பார்த்தார். அட்டையை வாங்கினார். தடித்த கட்டைவிரலால் அழுத்தி அணைத்தார். திரும்ப அழுத்தினார். எரிந்தது.

“இது அவனோடதா?”

“ஆமா அங்கிள். அவன் பர்ஸ்ல இருந்திருக்க வேண்டியது. உங்களுக்குத் தெரியாம உங்க பர்ஸ்ல அவன் வெச்சது எரியாத அட்டை. உக்காந்தா உடையுதான்னு சோதிக்க. ரெண்டும் எப்படியோ மாறிப்போச்சு.”

ராய்ஸ்டன் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னான். கைப்பேசியை விட்டுவிட்டுப் போனது சோதனைக்காக. பனியில் பாதை தெரியாத இடத்தில் அட்டையை எடுத்திருக்கிறான், அதற்காகத் தைத்த பையிலிருந்து. அழுத்தியிருக்கிறான். எரியவில்லை. கனத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்திருக்கும். இருட்டில் பையைத் தடவிக்கொண்டிருக்காமல் பண மடிப்பில் திணித்துவிட்டு, காலாலேயே பாதையைத் தேடி இறங்கியிருக்கிறான்.

“அவன் விளக்கப் போட்டான் அங்கிள். அது எரியல. நடந்தது அவ்வளவுதான்.”

சிரில் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். எதன்மேல் உட்கார்வது என்றே தெரியாதவர் போல மழையில் நின்றார்.

“இத்தன நாளா இது மேலதான் நான் உக்காந்திருந்தேனா?”

சசிரேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கோழைன்னு சொன்னேன் அவன. அடக்கத்தன்னைக்கு, எல்லாரு முன்னாலயும்.” அவர் அட்டையைச் சட்டைக்கு உள்ளே வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். “யாரு மாத்துனது?”

“அது இன்னும் தெரியல.”

“வீட்டுக்குப் போலாம்.”

லயத்தில் கார் நின்றபோது மழை வலுத்திருந்தது. வாசலில் தலை முதல் கால் வரை நனைந்து நின்ற கணவனைப் பார்த்த பார்பரா அவரைப் பேச விடவில்லை. துண்டை எடுத்து நீட்டினார்.

“மொதல்ல தலையத் துவட்டுங்க. பர்ஸக் குடுங்க, இப்படியே விட்டா அட்டையெல்லாம் ஊறிடும்.”

ஒரு வருடத்தில் அவர் சிரிலிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை போலிருந்தது. சிரில் பர்ஸைக் கொடுத்தார். சட்டைக்குள் இருந்த வெள்ளை அட்டையையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

“இதான் எல்வினோட விளக்கு,” என்றார். “அவன் தானா போகல பார்பரா. இந்தத் தம்பி கண்டுபிடிச்சிட்டாரு. நான்தான் பாவி.”

ராய்ஸ்டன் நடந்ததைத் திரும்பச் சொன்னான். பார்பரா நின்றுகொண்டே கேட்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் கைகள் வேலையை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போனார். டிகோடர் டப்பாவின் மேல் விரித்திருந்த துணியை எடுத்தார். எந்நேரமும் சூடாக இருக்கும் டப்பா அது. துணி காயாத இந்த மலையில் பல வீடுகளில் அதுதான் சின்னச் சாமான்களைக் காயவைக்கும் இடம். பர்ஸைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவின்மேல் பரப்பினார். அடையாள அட்டை. ஓட்டுநர் உரிமம். வங்கி அட்டை. கடைசியாக எல்வினின் வெள்ளை அட்டை.

“எனக்குத் தெரியும், எம்புள்ள அப்படிச் செய்யறவன் இல்லன்னு,” என்று சொல்லிக்கொண்டே வரிசையைச் சரிசெய்தார். “பர்ஸு நனைஞ்சா நனைஞ்சபடியே சொருகிப்பான். அப்பனும் மகனும் ஒரே நேரத்துல நனைஞ்சு வந்தா இந்த டப்பா மேல எடமே பத்தாது. ரெண்டு பேரு சாமானையும், எது என்னன்னுகூட பாக்காம, ஒண்ணா பரப்பி, காஞ்சதும் அவங்கவங்க பர்ஸ்ல—”

யார் மாற்றியது என்ற கேள்விக்கு விடை ராய்ஸ்டனின் கண்ணெதிரே வரிசையாகக் கிடந்தது. பக்கத்தில் சசிரேகா மூச்சை இழுத்தது கேட்டது.

பார்பராவின் கை அந்தரத்தில் நின்றது.

“அவன் போனதுக்கு முந்தின நாளு,” என்றார் மெதுவாக. “அன்னைக்கும் மழைதான். நீங்க ரெண்டு பேரும்—”

“நான்தான்,” என்றார் சிரில்.

சத்தமாகத்தான் சொன்னார். துண்டு அவர் கழுத்தில் தொங்கியது.

“நான்தான் பார்பரா மாத்துனேன். அவன் போன அன்னைக்குக் காலையில இருட்டோட கெளம்பறப்ப மேசை மேல கை பட்டு ரெண்டு பர்ஸும் கீழ விழுந்துச்சு. அட்டையெல்லாம் சிதறிப்போச்சு. வெள்ளையா ரெண்டு கிடந்துச்சு, ஏதோ பேங்க் கார்டுன்னு நெனச்சேன். கைக்கு வந்தத எடுத்து ஆளுக்கொண்ணா சொருகிட்டு லோரிக்கு ஓடிட்டேன். லோரிக்கிட்ட இவரு எடுத்துக் காட்டுனப்பவே எனக்கு வெளங்கிடுச்சு.”

பார்பரா அவரைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். பிறகு ராய்ஸ்டனைப் பார்த்தார்.

“அப்படித்தானா தம்பி?”

வெள்ளை அட்டை ஒன்று தன் பர்ஸில் இருந்ததே ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை சிரிலுக்குத் தெரியாது. அது ராய்ஸ்டனுக்குத் தெரியும். அவன் கையாலேயே எடுத்தது. இந்த அம்மாளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். காப்புறுதி நிறுவனத்தில் இருந்த காலம் முழுவதும் பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. இவ்வளவு மோசமாகப் பொய் சொன்ன ஒருவரை அவன் பார்த்ததில்லை. தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கண்ணை இமைக்காமல், ‘சொல்லிடாதே’ என்று கெஞ்சிய ஒருவரையும் பார்த்ததில்லை.

“ஆமா ஆன்ட்டி,” என்றான். “அவரு சொல்றதுதான் சரியா வருது.”

பார்பரா இரண்டு எட்டில் வந்து சிரிலின் நெஞ்சில் குத்தினார். ஈரச் சட்டையில் சத்தம் எழுந்தது. இன்னொரு குத்து. “நீங்க செஞ்சிட்டு, எம்புள்ள மேல பழியப் போட்டீங்களே. ஒரு வருஷம். ஒரு வருஷம் அவன் படத்தக்கூட மாட்ட விடலயே.” சிரில் கையைத் தூக்கவில்லை. வாங்கிக்கொண்டு நின்றார். அடித்து ஓய்ந்ததும் பார்பரா அவர் சட்டையையே பிடித்துக்கொண்டு அழுதார்.

“ஞாயித்துக்கிழம வருவீங்களா?”

“முன்னால நிப்பேன். அவன் தானா போகல, என்னாலதான் போனான்னு எல்லாருக்கும் என் வாயாலயே சொல்லுவேன்.”

ராய்ஸ்டனும் சசிரேகாவும் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்தார்கள். காருக்குள் உட்கார்ந்தபின்னும் சசிரேகா வண்டியைக் கிளப்பவில்லை. தகரக் கூரைகளின்மேல் மழை விழும் ஓசைதான் லயம் முழுக்கக் கேட்டது.

“எதையும் மறைக்காதீங்கன்னு கேட்டாங்க சசி. நானும் சரின்னேன்.”

“தெரியும் பாஸ்.”

“நான் செஞ்சது தப்பா?”

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தாள். “தெரியல பாஸ். நெஜமாவே தெரியல.”

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். சிரில். சசிரேகா கண்ணாடியை இறக்கினாள். அவர் குனிந்து, வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“முந்தின நாளு ரெண்டு பேருமே நனைஞ்சுதான் வந்தோம். அவதான் எல்லாத்தையும் காயப் போட்டு எடுத்து வெச்சா. உங்களுக்கும் புரிஞ்சிடுச்சு, இல்ல?”

“புரிஞ்சுது அங்கிள்,” என்றான் ராய்ஸ்டன்.

“இன்னைக்கே பாதி வரைக்கும் போயிட்டா. இன்னொரு தடவ அட்டைங்கள அந்த டப்பா மேல வரிசையா வெச்சான்னா மீதியும் ஞாபகம் வந்துடும்.”

“டப்பா கெட்டுப்போச்சுன்னு சொல்லித் தூக்கிப் போட்டுடுங்க,” என்றாள் சசிரேகா.

“ஃபிரிட்ஜ் மேல காயப் போடுவா. இல்லன்னா அடுப்பு ஓரத்துல. நனைஞ்சு வந்தா கையிலேர்ந்து பிடுங்கிக் காயப் போடுவா, அது அவ பழக்கம். மாத்த முடியாது.” சிரில் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டார். “இனிமே நான் நனையாம வீட்டுக்கு வரணும் தம்பி. வேற வழியில்ல.”

சசிரேகாவின் உதட்டில் பதில் ஒன்று வந்தது. கேமரன் மலையில், அதுவும் திறந்த லோரியில் காய்கறி ஏற்றுகிறவர் நனையாமல் வீடு திரும்புவதைப் பற்றி. அவள் அதைச் சொல்லவில்லை. பின்னிருக்கைக்குக் கையை நீட்டி, தன் குடையை எடுத்துச் சன்னல் வழியாகக் கொடுத்தாள்.

சிரில் அதை வாங்கி, அங்கேயே விரித்து, ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்த தன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். ஒரு துளிகூட மேலே படாதபடி தோளைக் குறுக்கி, கவனமாக, வீட்டை நோக்கி நடந்தார்.